கட்டினவள் வந்து தாண்டட்டும்

தௌலத்துக்கு எதையும் மறக்கத் தெரியாது. எகிப்தின் நஸ்லத் ராகிப் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். வாத்து வளர்த்துச் சந்தையில் விற்பவள், வாய்த்துடுக்கு அதிகம், ஒரே ஒரு மகள் என்பதெல்லாம் பிறகுதான் வரும். சிறுமியாக இருந்தபோது அவளுடைய செருப்பை ஒரு பையன் வாய்க்காலில் எறிந்தான். அவன் வளர்ந்து மாப்பிள்ளையாகி, ஊர்வலத்துக்கு முன்னால் குளிக்கப் போன நேரத்தில், வாசலில் கழற்றி வைத்திருந்த புதுச் செருப்பு இரண்டும் அதே வாய்க்காலில் மிதந்தன. யார் வேலை என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒரு செருப்புக்கே அவள் அவ்வளவு காலம் காத்திருந்தாள். டாக்டர் இக்லால் எடுத்துக்கொண்டது செருப்பையா?

தௌலத்தின் தலைப்பிள்ளை நவ்ரா. வயிற்றில் குறுக்கே கிடந்தாள். ஊர் மருத்துவச்சி விடிய விடியப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டாள். கணவன் ஷஹாத்தா, கரும்பு ஏற்றும் வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்து, அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனான். அங்கே இக்லால் புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். மின்யா நகரத்துக்காரி, கெய்ரோவில் படித்தவள். கையில் தொழில் இருந்தது, அதை இல்லை என்று சொன்னால் பாவம். பிள்ளையைத் திருப்பி எடுத்தாள், தாயையும் காப்பாற்றினாள். கிழிந்த இடத்தைத் தைத்தாள். தௌலத் அரை மயக்கத்தில் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அந்த முத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உதடு எரிகிறது.

வீட்டுக்கு வந்த சில நாளில் பக்ரீத். ஷஹாத்தாவின் அண்ணன் பெண்டாட்டி ரதீபா, குர்பானிக் கறியில் ஈரல் துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, பெற்றவள் உடம்பு தேறட்டும் என்ற நல்லெண்ணத்தில், ஓட்டமும் நடையுமாக அறைக்குள் வந்துவிட்டாள். தட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் போட்ட கூச்சலில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின.

"அடி பாவி! பெத்தவ அறைக்குள்ள பச்சைக் கறியோட வந்து நிக்கிறியே! கட்டிட்டியேடி என் மருமகளை!"

"ஐயோ மாமி, சத்தியமா நெனப்பே இல்ல..."

"நெனப்பில்லாமத்தான் காலு தானா நடந்து வந்துச்சாக்கும்!"

நாற்பது நாள் கழியும்வரை பிள்ளை பெற்றவள் அறைக்குள் பச்சை இறைச்சியோ கத்திரிக்காயோ கொண்டு யாரும் நுழையக் கூடாது. நுழைந்தால் கட்டு விழும். பால் வற்றும், இல்லையென்றால் அடுத்த பிள்ளை நிற்காது. படித்த வீடுகளில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொல்லி முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வருவார்கள்.

அடுத்த பிள்ளை நிற்கவில்லை. ஒரு வருஷம் பார்த்தார்கள், இரண்டு வருஷம் பார்த்தார்கள். மாமியார் நாள் குறித்துக் கட்டை அவிழ்க்க ஏற்பாடு செய்தாள். அதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமை, ஆண்கள் தொழுகைக்குப் போயிருக்கும் வேளையில், எந்தப் பொருளால் கட்டு விழுந்ததோ அந்தப் பொருளை வாசலில் வைப்பார்கள். கட்டினவளே வந்து அதை மூன்று தரம் தாண்ட வேண்டும். வேறு யார் தாண்டினாலும் பலிக்காது. அப்புறம் கட்டுப்பட்டவள் தன் வாயால் "அவிழ்ந்தது" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லும்வரை, தாண்டினவளை எந்த வீட்டிலும் பிள்ளை பெற்றவள் அறைப்பக்கம் அண்ட விடமாட்டார்கள்.

ரதீபா கண்ணீரோடு தாண்டினாள். தௌலத் சொல்லவில்லை. வயிறு நிறையட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று இருந்துவிட்டாள். வயிறு நிறையவில்லை. மனசுக்குள் வஞ்சம் வைத்துக்கொண்டு தாண்டியிருக்கிறாள், அதனால்தான் பலிக்கவில்லை என்று ஊர் பேசியது. தௌலத்துக்கு அப்போதும் பாதி நம்பிக்கைதான். மீதிப் பாதியைச் சேர்த்து வைத்தவள் டாக்டர் இக்லால்.

சுகாதார நிலையத்துக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டாள் தௌலத். இக்லால் அவளைப் படுக்க வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் எழுந்து போய், வெகு நேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாப்பது நாளுக்குள்ள யாராச்சும் உன் அறைக்குள்ள பச்சைக் கறியோட வந்தாங்களா?"

தௌலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெய்ரோவில் படித்த டாக்டருக்கே தெரிகிறதே!

"வந்தாங்க டாக்டரம்மா. என் ஓரகத்தி."

"அப்ப அதுதான். மருந்தால ஆகுற காரியம் இல்ல. பொறுத்துப் பாரு."

பொறுத்துப் பார்க்கிற ஆளா தௌலத்? அந்த வருஷமே ரதீபாவுக்கு ஒரு மகன் பிறந்தான், ஸக்கி. மூன்றாம் நாள் தௌலத் கறுப்புப் போர்வைக்குள் ஒரு கத்திரிக்காயை வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெந்தயக் கஷாயம் வாங்கிக் குடித்தாள். குழந்தையை மாஷா அல்லாஹ் என்று வாய் நிறையப் புகழ்ந்தாள். எழுந்து கிளம்பும்போது போர்வையை விலக்கி, ரதீபாவின் கண்ணெதிரில் கத்திரிக்காயைக் கையில் எடுத்து ஒரு தரம் உருட்டிக் காட்டிவிட்டு வந்தாள்.

ரதீபா வெளியே மூச்சுவிடவில்லை. அடுத்த சில நாளில் பால் வற்றியது. பயத்தில் வற்றியதோ, வேறு எதில் வற்றியதோ, ஸக்கி ஆட்டுப்பாலில் வளர்ந்தான். குச்சிக் காலும் பெரிய கண்ணுமாக அவன் தெருவில் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் தௌலத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. குளிர்ந்தது.

ஷஹாத்தா கெட்டவன் இல்லை, ஆனால் அம்மா பேச்சைத் தட்டாதவன். இரண்டாம் கல்யாணப் பேச்சு எழுந்ததும் தௌலத் மறுபடியும் இக்லாலிடம் ஓடினாள். இக்லாலுக்கு அப்போது பதவி உயர்ந்திருந்தது. அவள் சுவரில் கவர்னர் கையால் வாங்கிய பாராட்டுப் பலகை தொங்கியது, அதில் ஒரு தாய், ஒரு தகப்பன், இரண்டே பிள்ளைகள், நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை இக்லால் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரு" என்றாள்.

புதுப் பெண்டாட்டி வந்தாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பையன்களைப் பெற்றாள். அவளைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, நல்ல பெண். தௌலத்தும் நவ்ராவும் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறைக்குப் போனார்கள். அங்கேதான் தௌலத் வாத்து வளர்க்க ஆரம்பித்தாள். வாத்தைத் தொடை நடுவில் இடுக்கி, அலகைப் பிரித்து, ஊறவைத்த மொச்சையை உள்ளே தள்ளிக் கழுத்தை நீவிவிடுவாள். மற்ற பெண்களின் வாத்தைவிட அவள் வாத்து சீக்கிரம் கொழுக்கும். வேண்டுமா வேண்டாமா என்று வாத்திடம் யார் கேட்கிறார்கள்?

நவ்ரா பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்துவிட்ட சமயம். மொச்சை மூட்டையோடு படியில் வழுக்கி விழுந்த தௌலத்துக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. மின்யா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த ஆள் சாதாரணமாகச் சொன்னான்.

"எலும்பு நல்லாத்தான் இருக்கு. லூப் போட்டிருக்கீங்க போல."

"அது என்னது?"

அவன் கூச்சப்பட்டு, ஒரு இளம் பெண் டாக்டரைக் கூட்டி வந்தான். அந்தப் பெண் திரைக்குப் பின்னால் வைத்து அதை வெளியே எடுத்தாள். சுண்டுவிரல் அளவில், பாம்பு மாதிரி நெளிந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. வால் நூல் அறுந்து, பழுப்பேறி இருந்தது.

"எப்ப போட்டீங்க?"

"நான் போடல."

"போடாம எப்படிம்மா உள்ள இருக்கும்? இது உள்ள இருக்குற வரைக்கும் பிள்ளை தங்காதே. உங்களுக்குத் தெரியாதா?"

அதுவரை தௌலத்தை அங்கே தொட்ட டாக்டர் ஒருத்திதான். தௌலத் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, கழுவி, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். வேனில் ஊர் திரும்பும்போது பக்கத்தில் இருந்தவள் என்ன பேசினாள் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணுக்குள் இக்லால் வெகு நேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள். பார்த்திருக்கிறாள். அன்றைக்கே பார்த்துவிட்டாள். எடுத்திருந்தால் ஒரு நொடி வேலை. எடுத்தால் போட்டது தெரிந்துவிடும் என்று, கறி, கட்டு என்று கதை சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

எதற்காகப் போட்டாள் என்பது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. எகிப்துக்காரிகள் அளவுக்கு மீறிப் பெறுகிறார்கள் என்று எங்கோ குளிர் நாடுகளில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வந்தது. கெய்ரோவில் இறங்கி, மின்யாவுக்கு வந்து, இத்தனை பேருக்குப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டளையாக இக்லாலின் மேஜைக்கு வந்து, கடைசியில் தௌலத்தின் கர்ப்பப்பையில் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு தூரப் பயணத்தில் ஒருவர்கூட வழியில் நின்று, போடலாமா என்று தௌலத்தைக் கேட்கவில்லை.

ஊரில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ரதீபாவின் அடுப்படிக்குப் போனாள். ரதீபா சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் நேருக்கு நேர் பேசி வருஷக் கணக்காகிவிட்டது. தௌலத் முடிச்சை அவிழ்த்து மாவுப் பலகையின்மேல் வைத்தாள். நடந்ததை ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்.

ரதீபா ரொட்டித் துடுப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்ப என் கறி இல்ல?"

"உன் கறி இல்லக்கா."

"இத்தனை வருஷமா ஒரு வீட்டுப் பேறுக்கும் என்னைக் கூப்பிடல. என் தங்கச்சி பெத்தப்பகூட நான் வாசல்ல நின்னு பாத்துட்டு வந்தேன். ராத்திரியில நானே நெனச்சுக்குவேன், ஒருவேளை எனக்கே தெரியாம மனசுல பொறாமை இருந்துச்சோன்னு."

தௌலத் குனிந்து நின்றாள். அவள் தலை குனிவது அபூர்வம்.

"அந்தக் கத்திரிக்காய்க்கு என்னடி சொல்றே?" என்றாள் ரதீபா.

"சொல்ல ஒண்ணும் இல்ல. அடி."

ரதீபா யோசிக்கவே இல்லை. துடுப்பாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். எக்ஸ்ரே எடுத்த இடுப்புக்குச் சற்று மேலே. தௌலத் ஆவென்று அலறி மாவு மூட்டைமேல் சாய்ந்தாள். ரதீபா இன்னொரு தரம் ஓங்கினாள், பிறகு துடுப்பை எறிந்துவிட்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது, அடுப்பில் இரண்டு ரொட்டி கருகியிருந்தன. கருகாத ஒன்றைப் பிய்த்துத் தௌலத்திடம் நீட்டினாள்.

"தின்னு. தின்னுட்டுச் சொல்லு, அவளை என்ன பண்ணப் போறே?"

"கொல்லணும்னு இருக்கு."

"கொன்னா ஜெயிலு. நவ்ராவை யாரு பாப்பா? வேற சொல்லு."

முதலில் தௌலத் நேர் வழியில்தான் போனாள். மருந்துக்கடை மாடியில் இருந்த இக்லாலின் சொந்த கிளினிக்குக்குப் போய்க் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். இக்லாலின் முகம் ஒரு நொடி வெளுத்தது. உடனே சமாளித்துக்கொண்டாள்.

"நீயே கேட்டுத்தான் போட்டுக்கிட்டே. மறந்துட்டியா?"

"நானா? மயக்கத்துலயா?"

"இதோ பாரும்மா, உன் உயிரைக் காப்பாத்துனவ நான். ஊருல போய் ஏதாச்சும் உளறினே, யாரு நம்புவா? வாத்துக்காரி பேச்சையா, டாக்டர் பேச்சையா?"

தௌலத் முடிச்சைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். இக்லால் சொன்னதில் ஒன்று உண்மை. யாரும் நம்பமாட்டார்கள். ரதீபாவும் அவளுமாக வாய்க்காலில், சந்தையில், மாவு மில்லில் சொல்லிப் பார்த்தார்கள். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், டாக்டரம்மா அப்படிச் செய்வாங்களா, நீ எங்கேயோ போட்டுக்கிட்டு வந்து சொல்றே என்றார்கள்.

அந்தச் சமயம் இக்லாலின் காலம் இன்னும் நன்றாக விடிந்திருந்தது. சில வருஷம் முன்னால் கெய்ரோவில் உலகம் கூடி ஒரு பெரிய மாநாடு நடத்தியிருந்தது. மக்கள்தொகைக் கணக்குப் போதும், பெண்ணின் உரிமையைப் பேசுங்கள், பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள் என்றார்கள். நல்ல பேச்சு. தௌலத் அங்கே இருந்திருந்தால் குலவை போட்டிருப்பாள். ஆனால் அந்தப் பேச்சை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலை, முன்பு லூப்பைக் கொண்டுபோன அதே இக்லாலிடமே வந்து சேர்ந்தது. அவள் இப்போது மாவட்டத்துக்கே பெண்ணுரிமைப் பயிற்சித் தலைவி. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து அவள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நஸ்லத் ராகிபுக்கும் அந்தப் பயிற்சிக் கூட்டம் வருகிறது என்ற செய்தி கிடைத்த அன்று, ரதீபா மாவு பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தௌலத், கட்டை அவிழ்க்கணும்னா யாரு தாண்டணும்?"

"கட்டினவ."

"நான் தாண்டிப் பலிக்கல. ஏன்னா கட்டினவ நான் இல்ல."

தௌலத் வாத்தைக் கீழே விட்டாள். அது விழுந்தடித்து ஓடியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெடுநாளைக்குப் பிறகு தௌலத் சிரித்தாள்.

சுகாதார நிலைய முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஹெல்கா என்ற வெள்ளைக்காரம்மா, தலையில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு அவர்களோடு தரையிலேயே உட்கார்ந்தாள். நல்ல மனுஷி, கால் மரத்துப்போய் மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கெய்ரோவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் மொழிபெயர்த்தாள். இக்லால் நின்று பேசினாள்.

"உங்க உடம்பு உங்களோடது. உங்க சம்மதம் இல்லாம ஒருத்தர் கைவைக்கக் கூடாது. புருஷனானாலும் சரி, டாக்டரானாலும் சரி. உங்க அறிவையும் உங்க வழக்கங்களையும் நாங்க மதிக்கணும்."

தௌலத் கையிலிருந்த கைக்குட்டையை எவ்வளவு இறுக்கினாள் என்றால், உள்ளேயிருந்த பிளாஸ்டிக் உள்ளங்கையில் பதிந்தது.

பேச்சு முடிந்ததும் ஹெல்கா, பேறுகாலத்தில் உங்கள் ஊர் வழக்கம் எதையாவது சொல்லுங்களேன் என்று ஆசையாகக் கேட்டாள். இதற்காகவே காத்திருந்த ரதீபா எழுந்தாள்.

"சொல்றதென்ன, செஞ்சே காட்டுறோம். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஆம்பளைங்க தொழுகைக்குப் போயிட்டாங்க. என் ஓரகத்திக்கு ஒரு கட்டு இருக்கு, அவிழ்க்கணும். டாக்டரம்மா வந்து மூணு தரம் தாண்டட்டும்."

தௌலத் பந்தல் வாசலில் கைக்குட்டையை விரித்து, பழுப்பேறிய அந்தத் துண்டை நடுவில் வைத்தாள். பெண்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கெய்ரோப் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவள் ஹெல்காவின் காதில் ஏதோ பிரார்த்தனைச் சடங்கு, டாக்டருக்கு மரியாதை செய்கிறார்கள் என்று சொல்லிவைத்தாள். ஹெல்காவின் முகம் மலர்ந்தது. பையிலிருந்து கேமராவை எடுத்தாள்.

இக்லால் வாசலைப் பார்த்தாள். கைக்குட்டையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"இதெல்லாம் மூடநம்பிக்கை" என்றாள். "படிச்ச நான் இதுல கலந்துக்க முடியாது."

"மூடநம்பிக்கையா?" என்றாள் தௌலத். "எனக்குப் பிள்ளை நிக்காததுக்குக் கறிதான் காரணம்னு நீங்கதானே டாக்டரம்மா சொல்லி அனுப்புனீங்க? அப்ப படிச்சிருக்கலையா?"

பாயில் இருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. ஹெல்கா எதையோ கேட்டாள். சின்னப் பெண் திருப்பிச் சொன்னாள்.

"மேடம், உங்களுக்குச் சங்கடமான்னு கேக்குறாங்க. பெண்களோட வழக்கத்தை மதிக்கணும்னு இப்பதான் நீங்க அழகா சொன்னீங்களாம். தயவு செஞ்சு கலந்துக்கச் சொல்றாங்க."

அந்த வெள்ளைக்காரம்மா எழுதி அனுப்பும் ஒரு வார்த்தையில்தான் இக்லாலின் அடுத்த மூன்று வருஷத் திட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. தாண்டாவிட்டால் ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் கைக்குட்டையில் இருப்பதைப் பற்றிப் பேச வேண்டிவரும். தாண்டினால் ஹெல்காவுக்கு எதுவும் புரியப்போவதில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் பழுப்புத் துண்டு. ஊர்ப் பெண்கள் என்ன நினைத்தால் என்ன என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். அதுதான் அவள் தப்புக் கணக்கு.

பாவாடை ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இக்லால் ஒரு தரம் தாண்டினாள். இரண்டாம் தரம் தாண்டினாள். மாவு மில்லில் தௌலத்தைப் பொய்க்காரி என்றவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். மூன்றாம் தரம் இக்லாலின் கால் தடுமாறியது, லூப்பை மிதித்துவிடாமல் எட்டி வைத்தாள். மறுநொடி பந்தல் முழுக்கக் குலவை வெடித்தது. ரதீபாவின் குலவைதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ஹெல்கா எழுந்து நின்று, கண்ணில் நீரோடு கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டாள்.

"சொல்லிடு தௌலத், அவிழ்ந்துச்சுன்னு" என்று யாரோ கத்தினார்கள்.

தௌலத் குனிந்து கைக்குட்டையை முடிந்துகொண்டாள். "சொல்றப்ப சொல்றேன்" என்றாள்.

சில வாரத்தில் அந்தப் படம் பெரிதாகச் சட்டம் போட்டு வந்து, திட்ட அன்பளிப்பாகச் சுகாதார நிலைய வாசலிலேயே மாட்டப்பட்டது. டாக்டர் இக்லால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு லூப்பைத் தாண்டுகிறாள். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு நல்ல படம். உள்ளூர்ப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். மருந்துக்கடை மாடியில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இக்லாலின் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அரசாங்க நாற்காலிகளை யாரும் அசைப்பதில்லை. ஆனால் பிள்ளை பெற்ற வீடுகளில் அவள் கார் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினார்கள்.

குளிர்காலத்தில் இக்லாலின் மகளுக்கு மின்யாவில் பிரசவமாயிற்று. ஆண் குழந்தை. சம்பந்தி அம்மாள் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் அவள் வீட்டில் சமைப்பவள் நஸ்லத் ராகிப்காரி. பேரனைப் பார்க்க வந்த இக்லாலை, சம்பந்தி அம்மாள் கூடத்தில் உட்கார வைத்து, பருப்பும் பாதாமும் போட்ட பேறு கஷாயம் கொடுத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல டாக்டர். ஆனாலும் சின்னப் பொண்ணு, முதல் பிள்ளை. அந்தப் பொம்பள அவிழ்ந்துச்சுன்னு இன்னும் சொல்லலையாமே? அது வரைக்கும் உள்ள வேணாமே. தப்பா எடுத்துக்காதீங்க."

உள்ளே குழந்தை அழுதது. இக்லால் பூட்டிய கதவைப் பார்த்தபடி அந்தக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வந்தாள். சமையல்காரி ஊருக்கு வந்து இதை நடித்தே காட்டினாள். தௌலத் இரண்டு தரம் நடிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மறுநாளே வாத்துக் கொட்டகைக்கு முன்னால் கார் வந்து நின்றது. இக்லால் சாணியில் கால் படாமல் இறங்கப் பார்த்தாள், முடியவில்லை. தௌலத் எழுந்திருக்கவில்லை. தொடையில் ஒரு வாத்து இருந்தது.

"ஒரு வார்த்தைதானே தௌலத். சமையல்காரிக்கிட்ட சொல்லிவிடு. அந்தச் சனியன்தான் வெளிய வந்துடுச்சே, இன்னும் என்ன அவிழணும்?"

"இப்ப என்ன பண்றீங்க டாக்டரம்மா?"

"என்ன பண்றேன்?"

"கேக்குறீங்க. என்கிட்ட வந்து நின்னு கேக்குறீங்க. எவ்வளவு லேசு பாத்தீங்களா? அன்னைக்கும் போடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இக்லாலின் வாய் கோணியது. "நான் மட்டுமா செஞ்சேன்? எல்லாரும் செஞ்சாங்க. மேல இருந்து நெருக்குனாங்க. உனக்கு என்னதான் வேணும்? நவ்ராவுக்கு வேலை வாங்கித் தரட்டுமா?"

"நவ்ராவுக்கு ஒரு தம்பி வேணும். முடியுமா?"

தௌலத் வாத்தின் கழுத்தை நிதானமாக நீவிவிட்டாள்.

"ரதீபா அக்கா அடுப்படிக்கு வாங்க. பொம்பளைங்க எல்லாம் ரொட்டி சுட வர்ற நேரமா வாங்க. அவங்க முன்னால, அவ கறி இல்ல, நான்தான் கேக்காமப் போட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

"அப்படிச் சொன்னா என் வேலை என்னாகும்?"

"அப்ப வேலையையே மடியில வெச்சுக் கொஞ்சுங்க."

கார் போய்விட்டது. சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. வரமாட்டாள் என்றாள் ரதீபா. வருவாள் என்றாள் தௌலத், பேரனின் அழுகையைக் கதவுக்கு வெளியே இருந்து கேட்டவள் வராமல் இருக்க மாட்டாள். இக்லால் வந்தாள். ஓட்டுநர் இல்லாமல், தலையைப் போர்த்திக்கொண்டு, தனியாக வந்தாள். அடுப்பைச் சுற்றி ஊர்ப் பெண்கள் மாவும் கையுமாக நின்றார்கள்.

"ரதீபா மேல தப்பு இல்ல" என்றாள் இக்லால். தரையைப் பார்த்துத்தான் முணுமுணுத்தாள். "நான்தான் போட்டேன். கேக்கல."

"கேக்கலையே" என்றாள் ரதீபா, காதருகில் கையைக் குவித்துக்கொண்டு. "அடுப்பு இரைச்சல். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

இக்லால் கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னாள். "நான்தான் போட்டேன். அவளைக் கேக்காமப் போட்டேன். தெரிஞ்சும் எடுக்காம விட்டேன். கறியால ஒண்ணும் இல்ல."

ரதீபா துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே மாவுப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண், நிறைமாதக்காரி, அவள் தோளைத் தொட்டு, என் பேறுக்கு நீதான் அக்கா முதல்ல உள்ள வரணும் என்றாள். ரதீபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இக்லால் தௌலத்தின் பக்கம் திரும்பினாள். கன்னம் நனைந்திருந்தது.

"சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. நாப்பது நாள் முடியறதுக்குள்ள பேரனை ஒரு தரம் மடியில வெச்சுக்கணும். அவிழ்ந்துச்சுன்னு சொல்லு."

தௌலத் அவளை உற்றுப் பார்த்தாள். இரக்கம் வருமோ என்று தனக்குள்ளே தேடியும் பார்த்தாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறைதான் தட்டுப்பட்டது.

"மருந்து வேலை செய்ய நாளாகும் டாக்டரம்மா" என்றாள். "பொறுத்துப் பாருங்க."

சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியில் சூடாக ஒன்றை எடுத்துக்கொண்டு, வாத்துகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.